அத்தியாயம் 11: கழுவாத தட்டு

கோபத்தோடு படுத்த அஜந்தா கோபத்தோடுதான் எழும்பினாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு, விரதம். வெறும் வயிற்றில் கோபம் எப்படிக் கொதிக்கும் என்பதை விரதம் பிடிக்கிற வீட்டாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கையில், பக்கத்து வீட்டுக் குப்பை வாளிக்குள், நீலக் கரை போட்ட ஒரு பீங்கான் தட்டை அஜந்தா கண்டாள். அது பக்கத்து வீட்டுக் கிட்டலின் தட்டு. கிட்டல் அதில் கேக் வைத்து அனுப்பியிருந்தாள். ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அஜந்தாவின் பரம்பரையிலேயே கிடையாது. கார்த்திகை விளக்கீட்டுக்கு அதே தட்டில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் போட்டு, மேலே முந்திரிப்பருப்பைத் தூவித் திருப்பிக் கொடுத்தாள். அந்தத் தட்டுத்தான் குப்பைக்குள் கிடந்தது. கீறல் இல்லை, வெடிப்பு இல்லை.

உடைந்த சாமானை எறிவார்கள். உடையாததை எறிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அஜந்தா நினைத்தாள். அவளுடைய அப்பாவுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்த வீடுகள் ஊரில் இருந்தன. தொட்ட பாத்திரத்தை ஒதுக்குவது என்றால் என்னவென்று அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆத்திரத்தில் நேற்று இரவு புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"வீட்டை வித்துப்போடுங்கோ."

பேரின்பநாதன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். காது சரியாகத்தான் கேட்டதா என்று அவருக்கே சந்தேகம்.

எத்தனை வருஷமாக அவர் இதற்குத் தவம் கிடந்தார். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓடுகிற மனுஷன். நாள் முழுக்க அவ்வளவு பெரிய வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்து, தன் சின்னக் காரை நிறுத்தத் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டிய விதி. மாரியில் வாசல் படிக்கட்டில் பனி வழிக்கிற வேலை. ஒரு தமிழ்ச் சத்தம் கேட்காத தெரு. நகரத்தின் மேற்குக் கோடியில், ரொக்ஸ்பரோவில், அஜந்தாவின் தம்பி ரதீசன் இருக்கிறான், வீடு விற்றுக்கொடுப்பதுதான் அவனுக்குத் தொழில். அங்கே கராஜ் உண்டு. அக்கம்பக்கத்தில் நாலு தமிழ் வீடு, சீட்டு விளையாட ஆள். ஆனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அஜந்தாவின் பதில் ஒன்றுதான்: கிட்டல் இருக்கிற இடத்தை விட்டு நான் வரமாட்டன்.

அப்படிப்பட்டவள் விற்கச் சொல்கிறாள். ஏன் எதற்கு என்று கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்து, பேரின்பநாதன் கேட்கவே இல்லை. கைகழுவிவிட்டு நேரே ரதீசனுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமைக்கு லீவும் எடுத்துவிட்டார்.

கிட்டலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவில் முக்கால்வாசி ஹசீடிய யூதக் குடும்பங்கள். ஆண்களுக்குக் கறுப்பு நீளக் கோட்டு, காதோரம் சுருள் மயிர், சனிக்கிழமைகளில் வட்டமான உரோமத் தொப்பி. வெள்ளிக்கிழமை பொழுதுபட்டதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்குச் சபாத். சுவிட்ச் போடமாட்டார்கள், கார் ஓடமாட்டார்கள், போன் தூக்கமாட்டார்கள், கொடுக்கல் வாங்கல் கதைக்கமாட்டார்கள். ஒரு லைட்டை அணைக்க மறந்துபோனால், அணைத்துவிடு என்று வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். கிட்டல் பின்கதவில் வந்து நின்று, பிள்ளைகளின் அறையில் சரியான வெளிச்சம், ஒன்றும் நித்திரை கொள்கிறதாக இல்லை என்று வானத்தைப் பார்த்துச் சொல்லுவாள். அஜந்தா சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு போய் அணைத்துவிட்டு வருவாள். நன்றியும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை கடதாசியில் சுற்றிய கேக் துண்டாக வரும்.

ஆனால் அவர்களைச் சேர்த்து வைத்தது லைட்டும் கேக்கும் அல்ல. குடிவந்த முதல் மாரியில், பேரின்பநாதன் லொறியோடு ஒன்ராறியோவில் நின்ற ஒரு நாள், பத்து வயது மகள் சாருஜாவுக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்போது அஜந்தாவுக்குப் பிரெஞ்சும் வராது, போனில் என்ன சொல்வதென்று தெரியாமல் அலறினாள். அலறல் கேட்டுப் பின்கதவால் ஓடிவந்தவள் அதுவரை முகம்கொடுத்துப் பேசியிராத கிட்டல். அன்று சனிக்கிழமை. கிட்டல் போனைத் தூக்கி அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். உயிர் என்று வந்தால் எங்களுக்குச் சட்டம் இல்லை என்று பிறகு சொன்னாள். அதற்குப் பிறகு பதினாலு வருஷம். அந்தக் கிட்டலா தட்டை எறிந்தாள் என்பதுதான் அஜந்தாவைப் போட்டுப் பிராண்டியது.

காலையில் அஜந்தா வேலைக்குப் போனாள். ஒரு கார்டறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், மதியச் சாப்பாடு சமைக்கிற வேலை. அன்று சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். பிறகு தண்ணீர் ஊற்றி, கிழங்கு வெட்டிப் போட்டு, சமாளித்தாள். கை ஒரு இடத்தில், மனம் இன்னொரு இடத்தில். கையெழுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தால் கிட்டல் அம்புலன்ஸைக் கூப்பிட்ட குரல் காதில் கேட்டது. வைக்கக்கூடாது என்று நினைத்தால் அந்தக் குப்பை வாளி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வேலை முடிந்து வான் ஹோர்ன் தெருப் பக்கம் பஸ்ஸால் இறங்கியபோது தெரு வழக்கமான வெள்ளிக்கிழமைப் பரபரப்பில் இருந்தது. தள்ளுவண்டியில் ஒன்றும் கையில் இரண்டுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். பேக்கரி வாசலில் வரிசை. பொழுது பட முன்னம் எல்லாம் முடிய வேண்டும், டிசம்பர்ப் பொழுதோ நாலு மணிக்கே கிளம்பிவிடும். மற்ற நாட்களில் அஜந்தாவுக்கு இந்த ஓட்டத்தைப் பார்க்கப் பிடிக்கும். நல்லூர்த் தேருக்கு முதல் நாள் மாதிரி இருக்கிறது என்று சாருஜாவிடம் சொல்லியிருக்கிறாள்.

எதிர்ப்பக்கத்தில் கிட்டல் போனாள். இரண்டு கையிலும் பை. ஒரு பையைத் தூக்கி அசைத்து, "அஜந்தா" என்று கூப்பிட்டாள். அஜந்தா போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். கூப்பிட்டவளுக்கு முகம் கொடுக்காமல் போவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

கிட்டல் வீட்டுக்கு மறுபக்கத்தில் ஒரு வயதான கியூபெக்காரத் தம்பதி. கிழவி வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். "பொன்ஜூர்" சொன்ன அஜந்தாவை நிறுத்தி, வசந்தத்துக்குப் புது ஜன்னல் போடப்போகிறோம் என்று பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னாள். முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறார்கள் என்று தெரு முழுக்கக் கதை. எங்களைத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு என்று கிழவி சிரித்தாள். எண்பது தாண்டியவளே அசையமாட்டேன் என்கிறாள், நான் போகிறேன் என்று நினைத்தபடி அஜந்தா வீட்டுப் படி ஏறினாள்.

கதவைத் திறந்ததும் மணம் வந்தது. ஆட்டிறைச்சிக் கறி.

வீடு மட்டைப்பெட்டிக் காடாகக் கிடந்தது. பேரின்பநாதன் பொழுது விடிந்ததிலிருந்து சும்மா இருக்கவில்லை. இன்னும் கையெழுத்தே வைக்கவில்லை, மனுஷன் குசினியில் பாதியைப் பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டிவிட்டார். சட்டி பானை எல்லாம் உள்ளே. அவருக்குப் பசித்திருக்கிறது. வியாழக்கிழமை மிஞ்சிய கறியைச் சூடாக்க வெளியே மிஞ்சியிருந்த ஒரே பாத்திரத்தை அடுப்பில் வைத்திருந்தார்.

அது அஜந்தாவின் விரதச் சட்டி. மண்சட்டி. அலுமாரியில் தனி இடத்தில், தனித் துணி சுற்றி இருக்கிற சட்டி. வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் தவிர அது அடுப்பைப் பார்க்காது, மீன் இறைச்சி என்ற மச்சம் அதன் பக்கத்திலும் போகாது.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"பசிச்சுது" என்றார் அவர். சட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் உறைத்தது. கழுவிவிடலாம் என்று மெல்லச் சொன்னார்.

அஜந்தா கறியை அவருடைய கோப்பையில் கொட்டினாள். பிடிதுணியால் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து, செருப்பும் போடாமல் பனிக்குள் இறங்கி, குப்பை வாளியின் மூடியைத் தள்ளிச் சட்டியை உள்ளே போட்டாள்.

சத்தம் கேட்டுச் சாருஜா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கம்ப்யூட்டர் கம்பனி ஒன்றில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே செய்வாள். வீடு விற்கிற கதை கேட்டதிலிருந்து தாயோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பின்கதவில் நின்று, வாளியை எட்டிப் பார்த்தாள்.

"உடையேல்லை அம்மா. நல்ல சட்டி. தேய்ச்சுக் கழுவினாச் சரிதானே."

"தேய்ச்சாப் போற விசயமே இது? மண் இழுத்துப்போடும். இனி அது விரதத்துக்கு உதவாது" என்றாள் அஜந்தா.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

அவளுடைய குப்பை வாளியும் கிட்டலின் குப்பை வாளியும் ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. ஒன்றுக்குள் உடையாத சட்டி. மற்றதற்குள் ஐந்து நாளுக்கு முன்னம் உடையாத தட்டு. புருஷனை அவளுக்கு வெறுப்பா? முப்பது வருஷமாகச் சமைத்துப் போடுகிறாள், நாளைக்கும் போடுவாள். அவள் சட்டியைத்தான் எறிந்தாள், புருஷனை எறியவில்லை.

கால் பனியில் விறைத்துக்கொண்டு வந்தது. சாருஜா உள்ளே வரச்சொல்லி இழுக்கிறாள், அவள் அசையவில்லை.

கிட்டல் வீட்டார் வெளியில் சாப்பிடமாட்டார்கள் என்பது அவளுக்கு முதல் வருஷமே தெரியும். பன்றிக்கு ஆகாது, இறைச்சிக்கு ஆயிரம் சட்டம் என்றும் தெரியும். அதனால்தானே பார்த்துப் பார்த்துச் சுத்த சைவமாகவே அனுப்பினாள்? கேசரி, மோதகம், வடை, பொங்கல், முட்டைகூடப் படாத சாமான். சைவத்தை வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவளுடைய எண்ணம். தன் அடுப்பும் தன் கரண்டியும் அவர்களுக்கு மச்சச் சட்டி மாதிரி இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தனக்கென்று ஒரு விரதச் சட்டியைத் துணி சுற்றி வைத்திருக்கிறவளுக்கே தோன்றவில்லை, அதுதான் வெட்கக்கேடு.

உள்ளே வந்ததும் பேரின்பநாதன் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தேத்தண்ணி நீட்டினார். புதுச் சட்டி வாங்கித் தருவதாகச் சொன்னார். ரதீசன் வெளிக்கிட்டுவிட்டானாம், பனியில் பெருந்தெரு இறுகிப்போய்க் கிடக்கிறதாம். வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்து யூத ஆட்கள்தானாம், இந்தத் தெருவில் வீடு வந்தால் சொல்லச் சொல்லி ரதீசனிடம் முதலே கேட்டு வைத்தவர்களாம். கலியாணம் முடிக்கப்போகிற மகளுக்கு, நடந்துபோகிற தூரத்தில் வீடு தேடுகிறார்களாம். பொழுதுபட்டால் அவர்கள் போன் தூக்கமாட்டார்கள், அதற்கு முன்னம் கையெழுத்துப் போய்ச் சேர வேண்டும்.

அஜந்தா தேத்தண்ணியை வாங்கவில்லை. பிரிட்ஜுக்கு மேலே பார்த்தாள். அங்கே நீலக் கரைத் தட்டு ஒன்று இருந்தது. எறிந்த தட்டின் சோடி. கிட்டலின் மகள் பிரெயின்டலுக்குக் கலியாணம் பேசி முடிந்த சந்தோஷத்தில், சொக்லேட் வைத்துச் சுற்றிய கேக் அதில் வந்தது. கேக்கைச் சாப்பிட்டு முடித்த அன்றுதான் குப்பை வாளியைக் கண்டாள். அந்தக் கோபத்தில் தட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. கேக் துகள் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

சமையலுக்கு நேரமில்லை. நேரம் இருந்தாலும் இனி என்ன செய்வது? வெறும் தட்டோடு ஒரு வீட்டுக்குப் போவதை நினைக்கவே அவளுக்குக் கை கூசியது. பழம் வைக்கலாமா, சீனி ஒரு பிடி வைக்கலாமா என்று குசினியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் ஒன்றும் வைக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறக்கப்போய், அதையும் மூடினாள். நான் எதைத் தொட்டு எதைக் கெடுப்பேனோ என்ற பயம் வந்துவிட்டது.

எங்கே போகிறாய் என்று பேரின்பநாதன் கேட்டார். இந்தா வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்கதவால் இறங்கினாள்.

கிட்டல் வீட்டுக் குசினி அமர்க்களமாக இருந்தது. அடுப்பில் மூடி போட்ட பாத்திரங்கள், மேசையில் வெள்ளைத் துணி, துணியின் மேல் இன்னும் ஏற்றாத விளக்குகள். கிட்டல் ஏப்ரனோடு, தலைத்துணி ஒருபக்கம் சரிய, கையில் கரண்டியோடு கதவைத் திறந்தாள். அஜந்தாவைக் கண்டதும் சிரித்தாள். கையிலிருந்த தட்டைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பதினாலு வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்த முதல் வெறும் தட்டு அது.

இருவருக்கும் பொதுப் பாஷை இங்கிலீஷ். அஜந்தாவின் இங்கிலீஷில் பாதி பிரெஞ்சு. அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் தலையிடி, எனக்கும் தலையிடி. தமிழில் தருகிறேன்.

"உன் தட்டைக் குப்பையில் பார்த்தேன்" என்றாள் அஜந்தா.

கிட்டல் கரண்டியை வைத்தாள்.

"நான்தான் எறிந்தேன்."

"நான் தொட்டதாலா?"

"இல்லை." கிட்டல் அவசரமாகத் தலையை ஆட்டினாள். "என் சொந்த அக்கா நியூயோர்க்கில் இருக்கிறாள். எங்கள் முறையை எல்லாம் விட்டுவிட்டாள். நாளைக்கு அவள் வந்து சமைத்துப் போட்டாலும் என் தட்டுக்கு இதேதான். ஆள் இல்லை, அஜந்தா. அடுப்பு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தட்டுகள் அவளுடைய தாய் சீதனமாகக் கொடுத்தவை, ஆறு தட்டு. நல்ல காரியத்துக்கு அந்தத் தட்டில்தான் அனுப்ப வேண்டும் என்பது தாயின் சொல். ஒவ்வொன்றாக அனுப்பினாள், ஒவ்வொன்றும் அஜந்தாவின் சூட்டுப் பலகாரத்தோடு திரும்பி வந்தது, வேற்று அடுப்பின் சூடு பட்ட பீங்கானைச் சுத்தப்படுத்த அவர்கள் முறையில் வழியே இல்லை. பலகாரம் குப்பைக்குப் போகவில்லை. கணவர் ஹெர்ஷின் துணிக்கடையில் மெக்சிகோக்காரர் இருவரும் பங்களாதேஷ்காரர் ஒருவரும் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குப் போனது. பக்கத்து வீட்டு அம்மா இந்த வருஷம் ஒன்றும் அனுப்பவில்லையா என்று அவர்கள் கேட்பார்களாம். தட்டை மட்டும் அஜந்தா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து எறிவாளாம். இந்த முறை அகப்பட்டுவிட்டாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம். அலுமினியத் தட்டில் அனுப்பியிருக்கலாம்."

"சொன்னால் நீ பிறகு ஒன்றும் அனுப்பமாட்டாய். நல்ல காரியத்துக்கு அலுமினியத் தட்டில் அனுப்பினால் உன்னைத் தெருவில் போகிற ஆள் மாதிரி வைத்ததாகிவிடும்." கிட்டல் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "ஒரு தட்டுப் போகும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் அனுப்பினேன்."

அஜந்தா விரலில் எண்ணினாள். ஐந்து தட்டு. தாய் தந்த தட்டு ஐந்தை என் அன்பால் ஒழித்துவிட்டு, கடைசியில் அவளைச் சாதி பார்க்கிறவள் என்றல்லவா நினைத்தேன் என்று மனம் குமைந்தது. ஆறாவதை இரண்டு கையாலும் நீட்டினாள். அஜந்தாவின் அம்மா இதைப் பார்த்திருந்தால் வெட்கத்தில் செத்தே போயிருப்பாள்.

"வெறும் தட்டு. கழுவக்கூட இல்லை. கோபத்தில் அப்படியே வைத்துவிட்டேன்."

"கழுவவே இல்லையா?"

"இல்லை."

"வெந்நீர் படவில்லையா?"

"ஒன்றும் படவில்லை."

கிட்டல் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ந்த கேக் துகளை நகத்தால் சுரண்டினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இதுதான் நீ எனக்குத் தந்ததிலேயே பெரிய பரிசு" என்றாள். அந்த நிமிஷமே தன் தொட்டியில் போட்டுக் கழுவி, துடைத்து, மேசைத் துணியின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

அஜந்தாவும் சிரித்தாள். சட்டிக் கதையைச் சொன்னாள். கணவரையும் சேர்த்து எறிந்தாயா என்று கிட்டல் கேட்டாள். இல்லை, வீட்டில்தான் நிற்கிறார், பெட்டிகளுக்கு நடுவில் என்று சொல்ல வாயெடுத்து, பெட்டி என்ற சொல்லை விழுங்கிக்கொண்டாள். இனிப் பெட்டியும் இல்லை, ரொக்ஸ்பரோவும் இல்லை, ரதீசன் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவது என்று அந்தக் குசினியில் நின்றபடியே முடிவெடுத்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

புறப்படப் போனவளைக் கிட்டல் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடக்கி வைத்திருந்த சந்தோஷம் ஒன்று முகத்தில் வழிந்தது.

"இன்னும் ஒன்று. பிரெயின்டலுக்கு வீடு கிடைக்கப்போகிறது. ஹெர்ஷ் பேசி வைத்திருக்கிறார், இன்றைக்குப் பதில் வருமாம். எது என்று சொல்லமாட்டாராம், முடிந்த பிறகுதானாம். மகள் சப்பாத்துப் போடாமலே நம் வீட்டுக்கு வந்து போவாள் என்று மட்டும் சொன்னார். நானே கண்டுபிடித்துவிட்டேன். அந்த வயதானவர்கள் விற்கிறார்கள்." அவள் அஜந்தாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஒருபக்கம் நீ. மறுபக்கம் என் மகள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?"

அஜந்தாவுக்கு உள்ளங்கால் மீண்டும் பனியில் நிற்பதுபோல் இருந்தது. கிழவி புது ஜன்னல் போடுகிறாள். கிழவி எங்கும் போகவில்லை. சப்பாத்துப் போடாமல் வரக்கூடிய வீடு இந்தத் தெருவில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. அது தன்னுடைய வீடு.

அவள் விற்காவிட்டால் பிரெயின்டலுக்கு வீடு இல்லை. விற்றால், இந்தக் கையை இனி யார் பிடிப்பது?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உள் அறையிலிருந்து ஹெர்ஷின் குரல் கேட்டது, நேரம் ஆகிவிட்டது என்று. கிட்டல் ஏப்ரனைக் கழற்றினாள், தலைத்துணியைச் சரிசெய்தாள், தீப்பெட்டியை எடுத்தாள். இனி நாளைக்கு இருட்டும்வரை அந்த வீட்டில் வீடு வாசல் பேச்சே கிடையாது. கிட்டல் விளக்குக்கு முன்னால் நின்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அஜந்தா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டில் ரதீசன் வந்து, கோட்டும் கழற்றாமல் பெட்டிகளுக்கு நடுவில் நின்றான். கையில் டாப்லெட். பேரின்பநாதன் கையெழுத்து வைத்தாகிவிட்டது.

"அக்கா, விரலால ஒரு கீறுக் கீறினாக் காணும். கெதியாச் செய்யுங்கோ, இந்தா, பொழுது படப்போகுது."

அஜந்தா அவனைப் பார்த்தாள். சோபாவின் கைப்பிடியில் இருந்து சாருஜா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இருட்டினாப் பிறகு கதைப்பம்."

"அக்கா, அது அவையின்ர சட்டம். நாங்கள் சைவ சமயம்."

"பக்கத்து வீட்டில விளக்கு ஏத்தியாச்சு. இண்டைக்கு நான் வீட்டு விசயம் கதைக்கமாட்டன்."

பேரின்பநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஓம் என்கிறாளா, இல்லை என்கிறாளா, அதையாவது சொல்லச் சொல்லு என்று மகளிடம் கேட்டார். சாருஜாவுக்கும் தெரியவில்லை.

இரவைக்கு ஏதாவது சமைக்க வேண்டும். அஜந்தா கத்தியால் ஒரு பெட்டியின் டேப்பை வெட்டி, ஒரு சட்டியை வெளியே எடுத்தாள். பெட்டியைத் திரும்ப மூடவில்லை. மற்றச் சாமானை எடுக்கவும் இல்லை.

அவளுடைய குசினி ஜன்னலும் கிட்டலின் குசினி ஜன்னலும் நேருக்கு நேர். அங்கே விளக்குகள் எரிந்தன, நீலக் கரைத் தட்டில் கேக் வைத்திருந்தது. கிட்டல் நிமிர்ந்து பார்த்துக் கை அசைத்தாள். பிறகு மறுபக்கத்துக் கிழவி வீட்டைச் சுட்டிக்காட்டி, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

அஜந்தா சட்டியும் கையுமாக நின்று, ஆம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.